காற்றுபட்டால் கிருமி சாகுமா?

தேக்கா ஈரச்சந்தையில் மீனும் இறாலும் வாங்கி வந்து, வீட்டில் நறுக்கிச் சமைத்து முடிக்கிறோம். வெட்டுப் பலகையை அலசி, ஈரத்தோடு சுவரில் சாய்த்து வைக்கிறோம். மேடையைத் துடைத்த துணியைக் கசக்கி ஓரமாகப் போடுகிறோம். காற்றில் காய்ந்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அது பாதி உண்மை.

2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ஒரு கடையின் இந்திய ரோஜாக்கைச் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டனர். இருவர் உயிரிழந்தனர். பச்சைக் கடலுணவிலிருந்த ‘விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்’ என்ற கிருமி ரோஜாக்குக்குப் பரவியதே காரணம் என்று அதிகாரிகளின் விசாரணையில் தெரியவந்தது. பச்சை உணவிலிருந்து சமைத்த உணவுக்குக் கிருமி பரவும் வழிகளில் கை, கத்தி, பலகை, துணி ஆகியவை முக்கியமானவை.

உப்புநீரில் வாழும் இந்தக் கிருமி, ஏற்ற சூழலில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. அதே வேகத்தில் பெருகினால் ஒரே ஒரு கிருமி 3 மணி நேரத்தில் 250,000ஐத் தாண்டிவிடும். ஆனால் ஈரம் வற்றினால் அது வெகுநேரம் தாக்குப்பிடிக்காது.

காற்று செய்யும் வேலை

வீசும் காற்று நேரடியாகக் கிருமியைக் கொல்வதில்லை. ஈரமான பரப்பின்மேல் நீராவி நிறைந்த மெல்லிய காற்றுப் படலம் தங்கியிருக்கும். காற்று அசையாவிட்டால் அந்தப் படலம் எளிதில் விலகாது, ஈரமும் மெதுவாகவே உலரும். மின்விசிறியைப் போட்டதும் அது விலகி, சற்று உலர்ந்த காற்று வந்து சேர்கிறது. ஈரம் வேகமாக ஆவியாகிறது. அப்போது கிருமியின் உடலிலுள்ள நீரும் வெளியேறி, உள்ளே உப்புச் செறிவு கூடி, புரதங்கள் சிதைகின்றன.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90 விழுக்காட்டையும் தாண்டும். அதனால் காற்றோட்டமில்லாத வீவக வீட்டுச் சமையலறையில் இரவு வைத்த துணி காலையிலும் ஈரமாகவே இருக்கும். மூங்கில் கழியில் விரித்துப் போட்ட துணி விரைவில் காய்வதற்குக் காற்றோடு வெயிலும் உதவுகிறது.

காய்ந்தாலும் சாகாதவை

எல்லாக் கிருமிகளும் இப்படி மடிவதில்லை. சீழ்ப்புண்ணை உண்டாக்கும் ‘ஸ்டெஃபிலோகாக்கஸ்’ காய்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். கோழி இறைச்சியில் காணப்படும் ‘சால்மொனெல்லா’வும் வறட்சியைத் தாங்கும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் நாள்கணக்கில் நீடிக்கும். பலகையின் வெட்டுக் கீறல்களுக்குள் காற்று எளிதில் புகுவதில்லை. கொழுப்பும் உணவுத் துணுக்கும் ஒட்டியிருந்தால் கிருமிக்கு அவையே போர்வையாகிவிடும்.

ஆகவே கழுவுவதற்குப் பதிலாகக் காற்றை நம்பக்கூடாது. கழுவிய பிறகுதான் காற்று துணை செய்யும். பச்சை மீனுக்கும் இறைச்சிக்கும் ஒரு பலகை, சமைத்த உணவுக்கும் பழத்துக்கும் வேறொரு பலகை என்று வைத்துக்கொள்வது நல்லது. பலகையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, இருபுறமும் காற்றுபடும்படி நிறுத்தி வைக்க வேண்டும். துணியைத் தினமும் துவைத்து விரித்துக் காயவைக்க வேண்டும். ஆழமாகக் கீறல் விழுந்த பலகையைத் தூக்கியெறிந்துவிடலாம். ஒரு பலகையின் விலை, மருத்துவமனைக்குப் போய்வரும் செலவைவிட மிகக் குறைவு.