வழக்கறிஞரிடம் போகக் காலம் கடத்தாதீர்கள்

பினாங்கு உயர்நீதிமன்றத்தின் அருகே லோகன் என்ற வழக்கறிஞரின் நினைவுச் சின்னம் நிற்கிறது. 1869-இல் மறைந்த அவர், வெள்ளையரல்லாத மக்களின் உரிமைக்காக வாதாடியவர். நம் தோட்டப்புற மக்களோ, வக்கீல் என்றால் பணக்காரருக்குத்தான் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இதனால் கெடு கடந்துபோகிறது.

சிவில் வழக்கறிஞர் யாரையும் சிறைக்கு அனுப்புவதற்காக வாதாடுவதில்லை. இழப்புக்கு ஈடு கேட்கிறார். சட்டப் படிப்பு முடித்து, மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் பயிற்சியும் பெற்றே அவர் தொழிலுக்கு வருகிறார். நீதிமன்றத்தில் பேசுவது அவர் வேலையில் சிறு பங்குதான். போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டு, சாட்சி ஆகியவற்றைத் திரட்டுவதே பெரும்பாடு. சாலை விபத்து வழக்கில் தொகை எவ்வளவானாலும் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கும்.

பொதுவாக, விபத்தில் காயம்பட்டவர் 6 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். உயிரிழந்தவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு 3 ஆண்டுதான். அரசாங்கத்தின் மீது வழக்கென்றாலும் 3 ஆண்டுதான். அதன் பிறகு எவ்வளவு நியாயம் இருந்தாலும் எதிர்த்தரப்பு, “கெடு முடிந்தது” என்று சொல்லித் தப்பிவிடலாம்.

மருத்துவமனை வாசலில், “கிடைப்பதில் பாதி கொடு, கேஸை முடித்துத் தருகிறேன்” என்று வரும் தரகரை நம்பாதீர்கள். வழக்கில் வெல்லும் தொகையில் பங்கு பேசுவதை வழக்கறிஞருக்கே சட்டம் அனுமதிப்பதில்லை. கையில் பணம் இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையிலோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ விசாரிக்கலாம்.

சம்பளச் சீட்டைக் கசக்கி எறியும் பழக்கத்தை இன்றே விடுங்கள். பிறப்புப் பத்திரம் இருக்கும் தகரப் பெட்டியில் அதற்கும் இடம் கொடுங்கள்.