பூனையா, சலாமியா?

பாலெர்மோவில் பல்லாரோ சந்தையைச் சுற்றியுள்ள சந்துகளில் நம்மவர்கள், பெரும்பாலும் ஈழத்தமிழர்கள், நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். பூனைகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. இத்தாலியில் ஒரு பெண் கருவுற்றதும் எடுக்கும் முதல் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று இந்தப் பூனைகளோடு தொடர்புடையது. டாக்சோப்ளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கான சோதனை அது. ஊரில் நம்மில் பலர் அந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டோம். 'மூளையைத் தாக்கும் கிருமி' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றிரவு தூக்கம் போய்விடும்.

எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துத் தங்கச்சி அப்படித்தான் பயந்து போயிருந்தாள். "அண்ணா, ரெண்டு பூனை நிக்கிற வீட்டிலதான் எனக்கு வேலை. விட்டுவிடட்டோ?" என்று கேட்டாள். நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனாலும் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் சம்பந்தப்பட்ட கேள்வியாயிற்றே என்று உட்கார்ந்து படித்தேன்.

இந்த ஒட்டுண்ணி 1908-இல் சிசிலிக்கு எதிர்க்கரையில், துனிஸ் நகரில், குண்டி என்ற (சிரிக்காதீர்கள், வட ஆப்பிரிக்கப் பெயர்) கொறிவிலங்கில் கண்டுபிடிக்கப்பட்டது. வில்லைப்போல வளைந்த ஒற்றைச் செல் உயிரி. உடலுக்குள் நுழைந்தால் தசையிலும் மூளையிலும் சிறு உறைகளுக்குள் பதுங்கி வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்துவிடும். உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. எய்ட்ஸ் போன்றவற்றால் உடலின் எதிர்ப்பு குன்றும்போது தூங்கியது விழித்துக்கொண்டு மூளை அழற்சியை உண்டாக்கும்.

இது தொற்றிய எலிகளுக்குப் பூனை வாசனை மீதான பயம் குறைகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2000-இல் காட்டினார்கள். அதிலிருந்து, மனிதரின் குணத்தையும் இது மாற்றுகிறது என்ற கதைகள் கிளம்பின. நியூசிலாந்தின் டனிடன் நகரில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களைக் கொண்டு 2016-இல் வெளியான ஆய்வில் அதற்குச் சொல்லும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. எலிக்கு நடப்பது நமக்கும் நடக்கும் என்பது அவசர முடிவு என்றே எனக்குப் படுகிறது.

சரி, இது எப்படி உள்ளே வருகிறது? பாரிஸில் காசநோய் மருத்துவமனை ஒன்றில், குழந்தைகள் தேறட்டும் என்று அரைவேக்காட்டு இறைச்சி கொடுக்கும் பழக்கம் இருந்தது. அங்கே தொற்று வேகமாகப் பரவுவதையும், சரியாக வேகாத ஆட்டிறைச்சியைச் சேர்த்துக் கொடுத்ததும் அது இன்னும் பெருகுவதையும் தெமோன் என்ற மருத்துவர் 1965-இல் எழுதினார். (இன்று இப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள்.) பூனையின் பங்கு தெளிவானது 1970 வாக்கில்தான். அதைத் துலக்கியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த ஜே. பி. டூபே. பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டுமே இந்த ஒட்டுண்ணி முட்டை போன்ற கருக்களை உண்டாக்கும். முதன்முறை தொற்றும்போது ஓரிரு வாரங்கள் பூனை அவற்றை மலத்தில் வெளியேற்றும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். வெளியே வந்த கருவும் ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும் சக்தியைப் பெறுகிறது.

நேப்பிள்ஸ், மிலான் உள்ளிட்ட ஐரோப்பிய நகரங்களின் கர்ப்பிணிகளை ஒப்பிட்டு 2000-இல் ஓர் ஆய்வு வெளியானது. தொற்றுகளில் 30 முதல் 63 சதவீதத்துக்கு வேகாத, சரியாகப் பதப்படாத இறைச்சியே காரணம் என்றது. மண்ணைத் தொடுவது அடுத்த நிலையில் வந்தது. வீட்டில் பூனை இருப்பது ஆபத்தாகத் தெரியவில்லை.

ஆகவே தங்கச்சியிடம், வேலையை விட வேண்டாம், பூனையின் மணல் தட்டைத் தினமும் வீட்டுக்காரரே மாற்றட்டும், முடியாவிட்டால் கையுறை போட்டுச் செய்துவிட்டுக் கையை நன்றாகக் கழுவு என்றேன். அவளுடைய மருத்துவரும் அதையே சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் மதியம் கொடுக்கும் ரொட்டியில் இருக்கும் சலாமிதான் எனக்குக் கவலையாக இருந்தது. அது நெருப்பைப் பார்க்காத பன்றி இறைச்சி. வீட்டிலேயே செய்து சில வாரங்களில் உண்ணும் சலாமியில் ஒட்டுண்ணி உயிரோடு இருக்கலாம். நம் வீட்டில் கொதித்து இறங்கும் ஆட்டுக்கறிக் குழம்பில் அது பிழைக்காது. கீரைக்கும் பச்சைக் காய்க்கும் ஓடும் தண்ணீரில் கழுவுதலே வழி. வினிகரில் ஊறவைத்தால் இந்தக் கருக்கள் சாவதில்லை.

இன்னொன்று. சோதனைத் தாளில் 'நெகட்டிவ்' என்று பார்த்து அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். இந்தச் சோதனையில் அதற்குப் பொருள், இதுவரை தொற்று வந்ததில்லை, எனவே எதிர்ப்புப் பொருளும் ரத்தத்தில் இல்லை என்பதே. கர்ப்பத்துக்கு வெகுமுன்பே தொற்று வந்து போனவளின் குழந்தைக்குப் பொதுவாக ஆபத்தில்லை. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் அது கருவுக்குப் போகக்கூடும். தொடக்க மாதங்களில் கடத்தப்படும் வாய்ப்பு குறைவு, ஆனால் கடத்தப்பட்டால் மூளையில் நீர் கோத்தல், சுண்ணாம்புப் படிவு என்று சேதம் அதிகம். கடைசி மாதங்களில் நிலைமை தலைகீழ். அதனால்தான் நெகட்டிவ் ஆனவர்களுக்கு இங்கே பிரசவம் வரை சில வாரங்களுக்கு ஒருமுறை அரசுச் செலவில் மறுபடியும் ரத்தம் எடுக்கிறார்கள். டாக்சோப்ளாஸ்மாவுக்கான இத்தாலியின் தேசிய மையமே, பாலெர்மோவைத் தலைமையிடமாகக் கொண்ட சிசிலிய கால்நடை ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது.

நடுவில் நெகட்டிவ் பாசிட்டிவாக மாறினால் ஸ்பைராமைசின் தொடங்குவார்கள். கருவுக்கும் போய்விட்டது என்று பனிக்குட நீர்ச் சோதனையில் தெரிந்தால் வேறு மருந்துக் கூட்டு. அப்படிப் பிறக்கும் குழந்தை பார்வைக்கு நலமாகத் தோன்றினாலும் பல ஆண்டுகள் கண் மருத்துவரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விழித்திரைப் புண் பள்ளிக்குப் போகும் வயதிலும் தலைகாட்டும்.