தாழ்சுரத்தின் தனிக்குரலும் சிறுவர் கையும்

பண்டைத் தமிழிசை நூலோர் குரல் இயங்கும் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். மந்தரம், மத்திமம், தாரம் என்று வடமொழி மரபினர் கூறுவனவும் இவையே. இம்மூன்றனுள் கேட்போர் கவனத்தை எளிதில் ஈர்ப்பது வலிவு. மிகக் குறைவாக ஈர்ப்பது மெலிவு. எனினும் மெலிவு இல்லாத இசை அத்திவாரம் இல்லாத வீட்டை ஒத்தது. வீட்டைப் புகழ்வோர் அத்திவாரத்தைப் புகழ்வதில்லை. அவ்வாறே தாழ்ந்த சுரங்களை இசைக்கும் கருவிகளும் நெடுங்காலம் புகழின்றிப் பணி செய்து வந்தன. அத்தகைய கருவிகளுள் இன்று உலகெங்கும் பரவியிருப்பது பேஸ் கித்தார். அதனைத் துணைக் கருவியாக அன்றித் தனிக் கருவியாக வாசிக்கும் முறையும், அதனைச் சிறு பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ளும் முறையும் ஒன்றோடொன்று தொடர்புடையன.

பேஸ் கித்தார் வயதில் இளைய கருவி. 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்தவரான போல் டட்மார்க் என்பவர் அத்தகைய மின்கருவி ஒன்றை ஆக்கினார், அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் வெளியிட்ட கருவியே இன்றைய வடிவத்துக்கு மூலமாயிற்று. அதற்கு முன்னர்த் தாழ்சுரத்தை இசைத்தது ஆளுயரமுள்ள டபிள் பேஸ். அதனைச் சுமப்பதும் அரிது. மெட்டுகள் இல்லாத அதன் கழுத்திற் சரியான சுரத்தானத்தைத் தேடிப் பிடிப்பதும் அரிது. பெண்டர் தம் கருவியில் வீணையிற்போல மெட்டுகளைப் பதித்தார். சுரம் துல்லியமாக ஒலித்தமையாலேயே அதற்குத் துல்லியம் என்னும் பொருளுடைய ‘பிரெசிஷன்’ என்ற பெயர் அமைந்தது.

இக்கருவியின் நான்கு தந்திகளும் தாழ்ந்ததிலிருந்து முறையே ஈ, ஏ, டி, ஜி என்னும் சுரங்களுக்குக் கூட்டப்படும். செக்கனுக்கு அவை அதிரும் எண்ணிக்கை ஏறத்தாழ 41, 55, 73, 98 ஆகும். மனிதச் செவி உணரக்கூடிய கீழெல்லை செக்கனுக்கு 20 அதிர்வு அளவில் உள்ளமையால், இக்கருவியின் அடித்தந்தி செவியின் எல்லைக்கு ஓரளவு அண்மையில் ஒலிக்கின்றது எனலாம். அதனாலேயே அவ்வொலி காதினால் கேட்கப்படுவதோடு மார்பினாலும் உணரப்படுகின்றது.

இசைக்குழுவில் இக்கருவியின் கடமை இரண்டு. தாளத்தின் அடியைக் காட்டுதல் ஒன்று. சுரக்கூட்டத்தின் மூலசுரத்தைத் தாங்குதல் மற்றொன்று. இலங்கையில் பைலாப் பாட்டின் துள்ளலுக்கு அடியில் நின்று ஆட்டத்தை நடத்துவது இதுவே. தமிழ்த் திரையிசையில் இளையராஜா இக்கருவிக்கு எழுதிய வரிசைகள் பாடலுக்குள் மற்றொரு பாடலாக ஓடுவதைக் கூர்ந்து கேட்போர் அறிவர். தாழ்ந்த ஒலிக்குத் தாளத்தில் உள்ள இந்தத் தலைமை வெறும் வழக்கம் அன்று. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் ஒருங்கே வரும்போது, காலப் பிசகைத் தாழ்ந்த ஒலியிலேயே மனித மூளை நன்கு கண்டுகொள்கின்றது என்று காட்டினர்.

தனியாக நின்று பாடும் உரிமை தாழ்சுரக் கருவிக்கு எளிதிற் கிட்டவில்லை. இத்தாலியரான டொமெனிக்கோ டிராகொனெற்றியும், அவருக்குப் பின் வந்த ஜியோவன்னி பொத்தெசினியும் டபிள் பேஸினைத் தனியரங்குக்கு உரியதாக்கினர். பேஸ் கித்தாரில் அதே பணியைச் செய்தவருள் தலையாயவர் அமெரிக்கரான ஜாக்கோ பஸ்தோரியஸ். 1976இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டில், வேறு எக்கருவியும் இன்றிப் பேஸ் கித்தாரின் மேற்றொனிகளைக் கொண்டே அமைந்த ஓர் உருப்படி உள்ளது. அதனைக் கேட்டபின், இக்கருவியால் தனித்து இயங்க முடியாது என்று எவரும் சொல்லத் துணியவில்லை.

ஒரு பாட்டைப் பேஸ் கித்தாருக்குத் தனியாக அமைப்பவர், மூவர் செய்யும் வேலையை ஒருவராகச் செய்ய வேண்டியவர் ஆகிறார். அடிச்சுரம், சுரக்கூட்டு, மெட்டிசை ஆகிய மூன்றும் இரு கைகளுக்குள் அடங்குதல் வேண்டும். இங்கே தொடக்கக்காரர் செய்யும் பிழை ஒன்று உண்டு. சாதாரணக் கித்தாரில் இனிமையாக ஒலிக்கும் நெருங்கிய சுரக்கூட்டுகளை அவ்வாறே தாழ்ந்த தந்திகளில் வாசிக்கின்றனர். ஒலி கலங்கிய நீர்போல் ஆகிவிடுகின்றது. காரணம் எளிது. 41 அதிர்வுள்ள சுரத்தோடு அதன் அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் அதன் அதிர்வு ஏறத்தாழ 51 ஆகும். இடைவெளி பத்தே அதிர்வு. அவ்வளவு நெருங்கிய இரு ஒலிகளைச் செவி பிரித்தறியாது, உராய்வாகவே உணரும். அதே காந்தாரத்தை ஒரு தாயி உயர்த்தி வைத்தால் இடைவெளி அகன்று இரண்டும் தெளிவாகும். எனவே, கீழே ஒரு சுரம், நடுவே வெற்றிடம், மேலே மெட்டிசை என்பதே நல்ல அமைப்பின் இலக்கணம்.

கருநாடக இசை பயின்றோருக்கு இக்கருவி மற்றொரு வாயிலையும் திறக்கின்றது. ஏ தந்தியைச் சட்சமாகக் கொண்டால், அதன் கீழுள்ள ஈ தந்தி இயல்பாகவே மந்தர பஞ்சமம் ஆகிவிடும். தம்புராவின் பஞ்சமமும் சட்சமமும் கருவிக்குள்ளேயே அமைந்து கிடக்கின்றன. அவ்விரு தந்திகளையும் சுருதியாக மீட்டிக்கொண்டு, ஜி தந்தியில் 2, 4, 6, 9, 11 ஆகிய மெட்டுகளை அழுத்தினால் சட்சம், ரிஷபம், காந்தாரம், பஞ்சமம், தைவதம் எனும் மோகன இராகச் சுரங்கள் ஐந்தும் வரும். திறந்த டி தந்தி மத்திமமாகவும், திறந்த ஜி தந்தி நிஷாதமாகவும் ஒலிக்குமாதலின், மோகனத்துக்கு உரியன அல்லாத அவ்விரண்டும் தாமாக முழங்காதபடி விரலாற் காத்துக்கொள்ள வேண்டும்.

கண்டி நகரத்துக்கும் அதன் அயலுக்கும் தாழ்ந்த ஒலி புதியது அன்று. தலதா மாளிகையின் நித்திய வழிபாட்டிலும், ஆண்டுதோறும் நிகழும் எசல பெரகராவிலும் முழங்குவன கெட்ட பெரய, தவுல, தம்மெட்டம ஆகிய முழவுகள். கெட்ட பெரயவின் வலப்புறம் கூரிய ஓசையையும் இடப்புறம் தாழ்ந்த ஓசையையும் தருவன. இம்முழவைப் பயிலும் சிறுவன் முதலிற் பயில்வது தோலையன்று, சொல்லையே. தத், ஜித், தொங், நங் என்னும் நான்கு சொற்களை வாயாற் சொல்லிப் பழகுகின்றான். மிருதங்கம் பயிலும் தமிழ்ச் சிறுவனும் த, தி, தொம், நம் என்றே தொடங்குகின்றான். மொழி வேறு, கருவி வேறு. பிள்ளையின் நாவில் முதலில் வைக்கப்படும் சொற்களோ உடன்பிறந்தவை போல் உள்ளன. நகரத்தைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், தீயில் வாட்டிச் சுருதி ஏற்றிய தப்பு காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் முழங்குகின்றது. அங்கும் பிள்ளைகள் பெரியோர் அருகில் நின்று கேட்டும், ஓய்வு வேளையிற் கருவியைத் தொட்டும் தட்டியுமே கற்றுக்கொள்கின்றனர். கருவி பெரியவருக்கு, பார்வை சிறியவருக்கு என்ற பிரிவினை இம்மரபுகளில் இல்லை.

விலையுயர்ந்த மின்கருவி வீட்டுக்கு வந்தபோதுதான் அப்பிரிவினையும் உடன் வந்தது. தந்தையின் கித்தார் பெட்டிக்குள் பூட்டப்படுகின்றது. தொடச் சென்ற பிள்ளையின் கை தட்டப்படுகின்றது. இதனைக் கஞ்சத்தனம் என்று இகழ்தல் தகாது. 2022இன் பொருளாதார நெருக்கடியில், மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. இறக்குமதிக் கருவி ஒன்று உடைந்தால் மற்றொன்று வாங்குதல் பல குடும்பங்களுக்கு இயலாததாயிற்று. ஆயினும் அதே காரணம் எதிர்ப்பக்கத்துக்கும் பொருந்தும். பிள்ளைக்கென வேறொரு கருவி வாங்க இயலாத வீட்டில், உள்ள ஒன்றைப் பகிராவிடின் அப்பிள்ளைக்குக் கருவியே இல்லை. பூட்டிக் காக்கப்பட்ட கித்தார் பழுதின்றி இருக்கலாம். அதனைத் தொட விரும்பிய வயது மீண்டும் வராது.

பகிர்வதற்கு முன் அளவை அறிதல் நன்று. முழு அளவுப் பேஸ் கித்தாரில் அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம். எடை ஏறத்தாழ 4 கிலோகிராம். ஒவ்வொரு தந்தியும் அண்ணளவாக 40 இறாத்தல் விசையுடன் இழுபட்டு நிற்கும். முதல் இரு மெட்டுகளுக்கு இடைப்பட்ட தூரம் சிறு பிள்ளையின் விரல்களுக்கு எட்டாது. 30 அங்குல நீளமுள்ள குறுங்கருவிகள் வளர்ந்த சிறுவருக்குப் பொருந்துவன. யுகலேலி அளவில், ஏறத்தாழ 20 அங்குல நீளத்தில், றப்பர் போன்ற தடித்த தந்திகளுடன் அமைந்த பேஸ் கருவிகளும் இக்காலத்தில் உள்ளன. அவை அளவிற் சிறியனவாயினும் அதே தாழ்ந்த சுரங்களைத் தருவன. ஜப்பானியரான சினிச்சி சுசுகி மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வயலின் கற்பித்ததற்கு, பதினாறில் ஒன்று முதலாகப் படிப்படியாக அமைந்த சிறு வயலின்கள் துணையாயிருந்தன.

சிறிய கருவி கிட்டாத வீட்டிலும் வழி உண்டு. பெரியவர் மடியில் கருவியை வைத்துக்கொள்ள, பிள்ளை கழுத்தின் அடிப்பக்கத்தில் அமர்ந்து திறந்த ஏ தந்தியைப் பெருவிரலால் மீட்டலாம். பெரியவர் ஜி தந்தியில் மோகனத்தையோ ஒரு தாலாட்டையோ வாசிப்பார். பிள்ளையின் பங்கு ஒரே சுரம். ஆனால் அச்சுரம் நின்றால் பாட்டும் நின்றுவிடும் என்பதனை அது விரைவில் உணரும். மற்றொரு முறை மேற்றொனி. தந்தியின் நடுவிடமாகிய 12ஆம் மெட்டின் மேல் பிள்ளை விரலை மெல்லத் தொட்டிருக்க, பெரியவர் மீட்டினால் மணியோசை போன்றதொரு ஒலி எழும். 7ஆம் மெட்டின் மேல் பஞ்சமமும், 5ஆம் மெட்டின் மேல் இன்னும் உயர்ந்த சட்சமும் கிடைக்கும். இதற்கு வலிமை வேண்டுவதில்லை. அழுத்தினால் ஒலி கெடும். மென்மையே இங்கே திறமை. பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்னும் பின்னங்களையும் பிள்ளை விரலாலேயே கற்றுவிடுகின்றது.

பிள்ளைகள் இருவர் மூவர் இருப்பின் முறை வைப்பதற்குக் கடிகாரத்தை விடப் பாட்டே நல்ல அளவுகோல். ஒரு பாட்டு முடியும் வரை ஒருவர், அடுத்த பாட்டுக்கு மற்றவர். காத்திருப்பவர் கைத்தாளம் இட்டால் காத்திருத்தலும் வாசித்தலின் பகுதியாகிவிடும்.

பகிர்தல் என்பது கட்டின்றி விடுதல் அன்று. கைகழுவி, நிலத்தில் விரித்த பாயில் அமர்ந்த பின்னரே கருவியைத் தொடுதல் வேண்டும். நின்றுகொண்டு வாங்கினால் கருவியும் விழும், பிள்ளையும் விழும். சுருதிச் சாவிகள் பெரியவர் பொறுப்பில் இருத்தல் வேண்டும். மிகை இறுக்கத்தால் அறுந்து தெறிக்கும் தந்தி கண்ணைத் தாக்கக் கூடும். ஒலிபெருக்கியை முதற்காலத்தில் இணைக்காதிருத்தலே நலம். மின்சாரம் இன்றி இக்கருவி மிக மெலிதாக ஒலிக்கும். பிள்ளை மரத்தின் மேற் காதை வைத்துக் கேட்கும்போது அம்மெலிவே ஒரு விந்தையாகும். ஒலிபெருக்கி பயன்படும் காலத்தில் அதன் செருகியும் நிலத்தொடுப்பும் பழுதின்றி இருக்கின்றனவா எனப் பார்த்தல் இன்றியமையாதது. இந்நாட்டு வீடுகளில் ஓடுவது 230 வோற்று மின்னாகும். கேள்கருவிகளுக்கென உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த அளவின்படி, பிள்ளைகளின் செவிக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல் என்பதே எல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், இரு பருவ மழைகளும் நனைக்கும் கண்டியில், ஈரத்தால் மரக்கழுத்து வளைவதும் உண்டு. கழுத்தினுள் உள்ள இரும்புத் தண்டைத் திருகி அதனைச் சீர்செய்யும் வேலையைத் தேர்ந்தவரிடம் விடுதல் வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தாழ்சுரத்தைக் கொடுத்தல் உலகறிந்த கல்வி முறையும் ஆகும். ஜெர்மனியில் கார்ல் ஓர்பும் குனில்ட் கேற்மனும் வகுத்த சிறுவர் இசைக்கல்வி, 1948 முதல் பவேரிய வானொலி வழியாகவே பரவத் தொடங்கியது. அவர்களுடைய கருவித் தொகுதியில் பெரிய பேஸ் மரப்பலகைகளும் இடம்பெற்றன. பலகைகளைக் கழற்றி எடுக்கலாமாதலின், வேண்டிய இரண்டு மூன்று சுரங்களை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கிவிட்டால், பிள்ளை எதைத் தட்டினாலும் பிழை வராது. அவ்வடிச்சுரத்தின் மேலேயே ஏனைய பிள்ளைகளின் பாட்டு எழும். இந்தியாவில், 1996இல் பிறந்த மும்பாய்க் கலைஞர் மோகினி டே இளமையிலேயே பேஸ் கித்தாரைக் கையில் எடுத்தவர். அவருடைய முதல் ஆசிரியர், தாமும் பேஸ் கித்தார்க் கலைஞரான அவர் தந்தையாரே. ஏ. ஆர். ரகுமானின் அரங்குகளில் அவர் வாசித்த வாசிப்பின் தொடக்கம், ஒரு வீட்டில் ஒரு கருவி ஒரு பிள்ளைக்கு மறுக்கப்படாமையே.

எல்லாப் பிள்ளைகளும் கலைஞராக வேண்டும் என்பதில்லை, பெரும்பாலோர் ஆகமாட்டார். ஆனால் மெலிவுச் சுரத்தை ஒருமுறை தன் கையால் தாங்கிப் பார்த்த பிள்ளை, பின்னர் எந்த இசையைக் கேட்டாலும் மேலே ஒலிப்பதோடு கீழே தாங்கி நிற்பதையும் கேட்கும். தாழ்ந்து நின்று தாங்குவோரின் குரலைக் கேட்கப் பழகிய செவி, இசைக்கு மட்டுமன்றி வாழ்வுக்கும் பயன்படும்.