பூனை வளரும் வீட்டில் ஆர்க்கிட் வைக்கலாமா?

கீழ்வேளூர் போன்ற நெல் விளையும் ஊர்களில் பூனைக்குத் தனி மதிப்பு உண்டு. மூட்டைகளை எலியிடமிருந்து காப்பது அதுதான் அல்லவா? அதே வீட்டில் இப்போது அழகுக்காக ஓர் ஆர்க்கிட் தொட்டி வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். பூனை அதன் இலையைக் கடித்துவிட்டால் என்ன ஆகும்?

ஆர்க்கிட்டுகளில் பல, மரக்கிளைகளில் வாழ்பவை. இதனால் அவை மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணிகள் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அவை தொற்றுத் தாவரங்கள். மரம் அவற்றுக்குத் தங்குமிடம் மட்டுமே. பஞ்சு போன்ற உறை மூடிய வேர்களால் மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் அவை பெறுகின்றன. இத்தகைய பல வகைகளை ஏற்காட்டில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் காணலாம்.

கடைகளில் மிகுதியாக விற்கப்படுவது, அந்துப்பூச்சி வடிவ மலர் கொண்ட ஃபலனாப்சிஸ் என்னும் வகை. இது பூனைக்கு நஞ்சல்ல. இலையை அதிகம் தின்றால் பூனை வாந்தி எடுக்கலாம், அவ்வளவே. ஆனால் தொட்டியில் இட்ட உரமும், தெளித்த பூச்சிமருந்தும் நஞ்சே. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரைப் பூனை நக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் அஞ்ச வேண்டிய செடிகள் எவை? முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள மனிதர் 60 மில்லிகிராம் நஞ்சை உட்கொண்டால், உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஆகிறது. அதே அளவு 4 கிலோ பூனையின் உடலில் சேர்ந்தால் கிலோவுக்கு 15 மில்லிகிராம்! நமக்குச் சிறியதாகத் தோன்றும் அளவு பூனைக்குப் பெரியது.

இரண்டாவது காரணம் கல்லீரலில் இருக்கிறது. வேண்டாத பல பொருள்களுடன் குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்து, நீரில் கரையும்படி செய்து, சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது நம் கல்லீரல். இதற்கு உதவும் முக்கிய நொதிகளில் ஒன்று பூனைக்கு இல்லை. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் பூனையைக் கொல்லக்கூடும் என்பதும் இதனால்தான்.

இனி வீட்டுச் செடிகளுக்கு வருவோம். சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே, ஏன்? அதில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி போல் உள்ளன. அதே குடும்பத்தைச் சேர்ந்த மணி பிளாண்ட்டிலும் இந்த ஊசிகள் உண்டு. கடித்த பூனையின் வாய் எரியும், எச்சில் வழியும். துன்பம் மிகுதி என்றாலும் உயிர் போவது அரிது.

அரளி அப்படியல்ல. அதிலுள்ள ஒலியாண்ட்ரின் இதயத்தசைச் செல்களில் சோடியம், பொட்டாசியம் அயனிகளின் போக்குவரத்தைக் குலைத்து, இதயத்துடிப்பைத் தாறுமாறாக்குகிறது. நம் மாநில மலரான செங்காந்தளும் கொடியதே. வேதாரண்யம் பகுதியில் மருந்துக்காகப் பயிரிடப்படும் இக்கொடியின் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்னும் பொருள் உள்ளது. அது செல் பிரிதலைத் தடுத்து நிறுத்துகிறது. இவ்விரண்டும் மனிதருக்கும் ஆபத்தானவை.

பூனைக்கென்றே தனியாக எமனாக வருவது லில்லி. லிலியம் இனச் செடிகளின் இலை, பூ மட்டுமல்ல, பூச்சாடி நீர்கூடப் போதும். மகரந்தம் உடலில் உதிர்ந்தால், பூனை மயிரை நக்கிச் சுத்தம் செய்யும்போது அது வயிற்றுக்குள் போய்விடும். 1 முதல் 3 நாள்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். நாய்க்கு இத்தகைய சிறுநீரகக் கேடு வருவதில்லை என்பது வியப்பு.

நச்சுச் செடியைப் பூனை கடித்துவிட்டால், பால் ஊற்றியோ உப்புநீர் புகட்டியோ காலம் கடத்தாதீர்கள். கடித்த செடியின் கிளையொன்றையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருந்தால், சிறுநீரகத்தைக் காப்பாற்றும் நேரம் கடந்துவிடும்.

ஆர்க்கிட்டைத் தாராளமாக வையுங்கள். அத்துடன் ஒரு வேலையும் செய்யுங்கள். உங்கள் வீட்டுச் செடிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் தாவரவியல் பெயரையும் ஆசிரியரிடம் கேட்டு எழுதுங்கள். லில்லி என்று கடைக்காரர் சொல்வதெல்லாம் லில்லி அல்ல. பெயர் சரியாகத் தெரிந்தால்தான் நஞ்சும் தெரியும்.