மறைக்கச் சொன்ன ஒரு மரபணு

டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-இல் தன் மரபணுத் தொகுப்பை ஊரறிய வெளியிட்டார். ஒன்றை மட்டும் மறைக்கச் சொன்னார்: ஏபிஓஇ. அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. தனக்கும் வருமா என்று 79 வயதில் தெரிந்துகொள்ள அவருக்கு மனமில்லை. ஆனால் அக்கம்பக்கத்து டி.என்.ஏ. எழுத்துகளை வைத்தே அதை ஊகித்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்க, சுற்றியிருந்த சுமார் 20 லட்சம் எழுத்துகளையும் நீக்க வேண்டியதாயிற்று.

மூளையில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்துக்கான மரபணு அது. அதன் இ4 வகைக்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பை 1993-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் ஆபத்து சுமார் மூன்று மடங்கு. இருவரிடமிருந்தும் வந்தால் பத்து மடங்கைக்கூடத் தொடலாம். ஆனாலும் இ4 இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு. அது இல்லாமலே பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர்களும் உண்டு.

இன்று பல மரபணுக்களைச் சேர்த்து அல்சைமர் ஆபத்துக்கு ஆளுக்கொரு மதிப்பெண் போட முடிகிறது. அதை வைத்து ஊருக்கே பரிசோதனை நடத்தலாமா? கூடாது என்பேன். பின்லாந்தில் டிமென்ஷியா எனும் மறதி நோய் வரும் ஆபத்து அதிகமுள்ள 1,260 முதியவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பிரஷர் கண்காணிப்பு என்று இரண்டு ஆண்டுகள் விடாமல் கொடுத்தார்கள். 2015-இல் முடிவு வந்தது: அவர்களுடைய சிந்தனைத் திறன் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. இ4 உள்ளவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. மதிப்பெண் எதுவானாலும் சொல்லப்போகும் புத்திமதி ஒன்றுதான் என்றால், அந்தப் பணத்தில் காது மந்தமானவர்களுக்குக் கருவி வாங்கித் தரலாமே! காது கேளாமையும் டிமென்ஷியா ஆபத்தோடு தொடர்புடையது.

ஆனால் அல்சைமருக்கான லெகனமாப் மருந்து போடுமுன் ஏபிஓஇ பரிசோதனை அவசியம்தான். இரண்டு இ4 உள்ளவர்களுக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு அதிகம்.

மரபணு மதிப்பெண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: அவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் பிறந்தவை. நம்மவர்களுக்கு அதே துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது.

பரிசோதனை முடிவு யார் கைக்குப் போகும் என்ற கவலையும் இருக்கிறது. மரபணுவைக் காட்டி வேலையோ மருத்துவ இன்சூரன்ஸோ மறுக்கக் கூடாது என்று அமெரிக்கா 2008-இல் சட்டம் போட்டது. ஆயுள் காப்பீடு அதற்குள் வராது. நினைவிழந்தவருக்குப் பல ஆண்டுகள் தேவைப்படும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடும் வராது.