பெயரில்லாப் பக்கங்கள்: பேட் மில்ஸும் பிரித்தானியச் சித்திரக்கதை இதழியலும்

ஆய்வுச் சுருக்கம்

1970களில் பிரித்தானியச் சிறுவர் சித்திரக்கதை வார இதழ்கள் பெரும் மாற்றத்தைக் கண்டன. அம்மாற்றத்தின் நடுவே நின்றவர் இதழாசிரியரும் எழுத்தாளருமான பேட் மில்ஸ். அவர் ஆண்சிறுவர் இதழ்களுக்குக் கொண்டுவந்த புதுமையின் வேர் சிறுமியர் இதழ்களில் இருந்தது என்பதையும், படைப்பாளியின் பெயரையும் உரிமையையும் மறுத்த ஓர் அமைப்புக்குள்ளேயே அவருடைய சிறந்த ஆக்கங்கள் பிறந்தன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. முதல் உலகப்போரைப் பற்றிய ‘சார்லீஸ் வார்’ தொடர் இங்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

முக்கியச் சொற்கள்: சித்திரக்கதை, இதழாசிரியர், சிறுமியர் இதழ்கள், போர்க்கதை, தணிக்கை, படைப்புரிமை.

முன்னுரை

பிரித்தானியச் சித்திரக்கதை தமிழ் வாசகருக்கு அயலானதன்று. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’ இலண்டனின் ‘வேலியண்ட்’ இதழில் 1962இல் தொடங்கிய தொடரின் தமிழ் வடிவமாகும். ‘ஸ்பைடர்’ முதலிய பிற நாயகர்களும் அதே பதிப்பகக் குடும்பத்திலிருந்து வந்தவர்களே. எனினும் நாம் அறிந்தது பெரும்பாலும் 1960களின் தலைமுறையையே. விந்தைக் கருவிகள், தோல்வியறியாத நாயகர்கள், தெளிவாகப் பிரிக்கப்பட்ட நன்மை தீமைகள் ஆகியவை அத்தலைமுறையின் இயல்புகள். அதற்கு எதிராக எழுந்த அடுத்த தலைமுறையைப் பற்றித் தமிழில் பேசப்பட்டது குறைவு. அவ்வெதிர்ப்பைப் புரிந்துகொள்ளப் பேட் மில்ஸின் பணிவாழ்வு நல்ல வாயிலாக அமைகிறது.

சிறுமியர் இதழ்களில் கற்ற பாடம்

1949இல் பிறந்த மில்ஸ், ஸ்காட்லாந்தின் டண்டி நகரிலிருந்த டி.சி. தாம்சன் நிறுவனத்தில் ‘ரோமியோ’ என்னும் இளம்பெண்கள் இதழின் துணையாசிரியராகப் பணியைத் தொடங்கினார். பின்னாளில் ‘ஜட்ஜ் ட்ரெட்’ பாத்திரத்தைப் படைத்த ஜான் வாக்னரை அவர் சந்தித்ததும் அங்கேதான். இருவரும் வேலையை விட்டு, மில்ஸ் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் அமர்ந்து, இலண்டன் ஐ.பி.சி. நிறுவனத்தின் இதழ்களுக்குக் கதை எழுதினர். நகைச்சுவைத் தொடர்களுடன் ‘டாமி’ போன்ற சிறுமியர் இதழ்களுக்கும் மில்ஸ் எழுதினார்.

இப்பயிற்சியைப் பலர் ஓர் அடிக்குறிப்பாகவே கடந்துவிடுகின்றனர். அது சரியன்று. அக்காலச் சிறுமியர் இதழ்களின் கதைகள் உணர்ச்சியால் இயங்கின. வளர்ப்பு வீட்டில் வதைபடும் பெண், பொய்ப்பழி சுமக்கும் மாணவி, தோழியின் துரோகத்தை உணரும் சிறுமி ஆகியோர் அவற்றின் மையப் பாத்திரங்கள். அநீதியைத் தாங்குவதே அங்கு வீரம். ஆண்சிறுவர் கதைகளிலோ நாயகன் எதையும் இழப்பதில்லை. ஆகவே வாசகனுக்கு அஞ்சுவதற்கும் ஒன்றுமில்லை. சிறுமியர் இதழ்களே கதைநுட்பத்தில் மேம்பட்டிருந்தன என்று மில்ஸ் பலமுறை கூறியுள்ளார். அவருடைய போர்க்கதையைப் படிப்போர் அக்கூற்றைத் தன்னடக்கம் என்று ஒதுக்கிவிட இயலாது.

1978இல் தொடங்கிய ‘மிஸ்டி’ என்னும் சிறுமியர் திகில் இதழின் கருத்துருவாக்கத்திலும் அவர் பங்கேற்றார். அதில் அவர் எழுதிய ‘மூன்சைல்ட்’ தொடர், ஸ்டீபன் கிங்கின் ‘கேரி’ நாவலின் சாயலில் அமைந்தது.

ஆக்கும் ஆசிரியர்

தாம்சன் நிறுவனம் 1974இல் ‘வார்லார்ட்’ என்னும் போர்க்கதை இதழைத் தொடங்கி வெற்றி கண்டது. அதற்குப் போட்டியாக ஓர் இதழை உருவாக்கும் பணியை ஐ.பி.சி. நிறுவனம் மில்ஸிடமும் வாக்னரிடமும் ஒப்படைத்தது. நிறுவனத்தின் ஆண்சிறுவர் பிரிவுக்குத் தெரியாமல், சிறுமியர் பிரிவின் அறையொன்றில் இப்பணி நடைபெற்றது. ‘பேட்டில் பிக்சர் வீக்லி’ 1975 மார்ச்சில் வெளிவந்தது.

இங்கு ‘ஆசிரியர்’ என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். மில்ஸ் ஓரிதழை ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆசிரியர் அல்லர். புதிய இதழைக் கருக்கொண்டு, கதைகளை வகுத்து, ஓவியர்களைத் தேடி, பிறர் எழுதியவற்றைத் திருத்தியும் பல வேளை முற்றிலும் மாற்றி எழுதியும், இதழ் நடைபயின்றதும் வேறொருவரிடம் ஒப்படைத்துச் செல்பவர். ‘ஆக்கும் ஆசிரியர்’ என அவரைக் குறிக்கலாம். ‘2000 ஏ.டி.’ இதழில்கூட ஏறத்தாழ முதல் 16 இதழ்களுக்குப் பின் பொறுப்பைக் கெல்வின் கோஸ்னலிடம் அளித்துவிட்டார்.

1976 பிப்ரவரி 14 நாளிட்டு வெளிவந்த ‘ஆக்‌ஷன்’ இதழ் அவருடைய துணிச்சலான முயற்சி. பேராசை கொண்ட எண்ணெய் நிறுவனத்தாரை விழுங்கும் சுறா ‘ஹுக் ஜா’ தொடரின் நாயகன். ‘ஹெல்மேன்’ தொடரின் நாயகனோ செருமானியக் கவசப்படை அதிகாரி. இரண்டாம் உலகப்போர் முடிந்து முப்பதாண்டுகளே ஆகியிருந்த பிரித்தானியாவில் இது எளிய செயலன்று. நாளேடுகள் கண்டித்தன, 7 பென்னி விலையுள்ள கொடுங்கனவு என ‘தி சன்’ தலைப்பிட்டது. பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘நேஷன்வைட்’ நிகழ்ச்சியில் நிறுவனப் பொறுப்பாளர் ஜான் சாண்டர்ஸ் கடுமையாக வினவப்பட்டார். விற்பனைக் கடைத்தொடர்கள் இதழை மறுக்கக்கூடும் என்ற அச்சமும் சேர்ந்தது. அக்டோபர் 23 நாளிட்ட இதழ் அச்சான பின்னரும் கடைகளுக்குச் செல்லாமல் அழிக்கப்பட்டது. டிசம்பரில் திரும்பிய ‘ஆக்‌ஷன்’ கூர்மழுங்கியதாக இருந்தது. அடுத்த ஆண்டில் ‘பேட்டில்’ இதழுடன் இணைக்கப்பட்டு மறைந்தது.

ஆய்வாளர் மார்ட்டின் பார்க்கர் வெளியான பக்கங்களையும் தணிக்கைக்குள்ளான பக்கங்களையும் ஒப்பிட்டு இதனை ஆராய்ந்துள்ளார். ‘ஆக்‌ஷன்’ இதழில் குருதி மிகுந்திருந்தது உண்மையே. ஆனால் முந்தைய போர்க்கதைகளிலும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். அவர்களுக்காக எவரும் குரல் எழுப்பவில்லை. ‘ஆக்‌ஷன்’ கதைகளில் அதிகாரத்தில் இருப்போர் நம்பத்தகாதவர்களாக இருந்தனர் என்பதே ஆழமான வேறுபாடு எனக் கருதுகிறேன்.

‘2000 ஏ.டி.’: ஒரு பாத்திரம், பல தந்தையர்

அறிபுனைத் திரைப்படங்கள் பல வரவிருக்கின்றன என்ற நாளிதழ்ச் செய்தியைக் கண்ட கோஸ்னல், அத்துறையில் ஓர் இதழ் தொடங்கலாம் என நிறுவனத்துக்கு முன்மொழிந்தார். அதன் பயனாக 1977 பிப்ரவரி 26 நாளிட்டு ‘2000 ஏ.டி.’ வெளிவந்தது. பக்கங்களைக் கூட்டி, கட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஓவியத்துக்கு இடம் அளித்தது மில்ஸ் செய்த முக்கிய மாற்றம்.

இரண்டாம் இதழில் தோன்றிய ‘ஜட்ஜ் ட்ரெட்’ யாருடைய படைப்பு? பெயர், மில்ஸ் கைவிட்ட வேறொரு திகில்கதைத் திட்டத்திலிருந்து சிறு எழுத்து மாற்றத்துடன் வந்தது. பாத்திரத்தை வகுத்தவர் வாக்னர். உருவம் தந்தவர் கார்லோஸ் எஸ்குவெரா. படைப்பாளிகளுக்கு மேலான ஒப்பந்தம் கிட்டும் என்ற நம்பிக்கை பொய்த்தபோது வாக்னர் சிறிது காலம் விலகினார். முதலில் அச்சான கதையைப் பீட்டர் ஹாரிஸ் எழுத, மில்ஸ் திருத்த, மைக் மக்மேன் வரைந்தார். வாசகர் கண்டதோ இவர்களுள் எவருடைய பெயரையும் அன்று; தார்க் என்னும் வேற்றுக்கோள் ஆசிரியரின் கற்பனைப் பெயரை மட்டுமே.

போட்டி நிறுவனங்கள் திறமையாளர்களைக் கவர்ந்துவிடக் கூடாது என்பது பெயரை மறைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம். உரிமை கோருவதைத் தடுப்பதும் அதன் விளைவாக இருந்தது. ஊதியக் காசோலையின் பின்புறத்தில் உரிமைத் துறப்பு வாசகம் அச்சிடப்பட்டிருக்கும், கையொப்பமிட்டால்தான் பணம். கலைப்பிரிவில் பணியாற்றிய கெவின் ஓ’நீல், மேலிடத்தின் அனுமதி கேளாமலே படைப்பாளிகளின் பெயர்ப்பட்டியைப் பக்கங்களில் சேர்த்தார். பிரித்தானியச் சித்திரக்கதை வரலாற்றில் ஒரு திருப்பம் இவ்வளவு சிறிய கட்டத்துக்குள் அடங்கியிருந்தது.

‘சார்லீஸ் வார்’

மில்ஸின் தலைசிறந்த ஆக்கம் 1979 ஜனவரியில் ‘பேட்டில்’ இதழில் தொடங்கியது. ஓவியர் ஜோ கஹூன், ‘ராய் ஆஃப் த ரோவர்ஸ்’ கால்பந்துத் தொடரை 1954இல் முதலில் வரைந்தவர். மாயாவியின் கதைகள் பலவற்றை எழுதிய டாம் டல்லியுடன் இணைந்து ‘ஜானி ரெட்’ தொடரை வரைந்துகொண்டிருந்த அவரை மில்ஸின் தொடருக்கு மாற்றினர்.

நாயகன் சார்லி போர்ன் 16 வயது இலண்டன் தொழிலாளர் குடும்பத்துப் பையன். 1916இல் வயதை மறைத்துப் படையில் சேர்கிறான். அவன் கூரிய அறிவுடையவன் அல்லன். வீட்டுக்கு எழுதும் கடிதங்கள் எழுத்துப்பிழைகள் மலிந்தவை. இக்கடிதங்களே தொடரின் அரிய உத்தி. கடிதம் ஒன்றைச் சொல்லும். அதனருகிலுள்ள ஓவியம் வேறொன்றைக் காட்டும். தாயை வருத்தக் கூடாது என்னும் பையனின் அன்பும், அவன் கண்முன் நிகழும் அழிவும் ஒரே கட்டத்தில் மோதுகின்றன. கதைசொல்லி எதையும் விளக்க வேண்டியதில்லை.

சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று மட்டும் 19,000க்கு மேற்பட்ட பிரித்தானியப் படையினர் மாண்டனர். அந்நாளைத் தொடர் பல வாரங்கள் விரித்துரைத்தது. சார்லியின் நண்பன் ஜிஞ்சர் எவ்விதப் போர்ச்செயலிலும் ஈடுபடாத கணத்தில் தற்செயலாக விழுந்த குண்டுக்கு இரையாகிறான். அவன் உடலின் எச்சங்களைச் சார்லி சாக்கில் திரட்டுகிறான். வீரவுரை இல்லை, பழிவாங்கலும் இல்லை. சிறுமியர் கதைகளில் மில்ஸ் கற்ற ‘தாங்குதல்’ இங்கு பதுங்குகுழிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

பின்வாங்க ஆணையிட்டுத் தன் வீரர்களைக் காத்த அதிகாரி தாமஸ் கோழையெனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சுடப்படும் பகுதி மேலும் கடுமையானது. சுட மறுத்த சார்லியும் அவன் தோழனும் களத்தண்டனைக்கு உள்ளாகின்றனர். அப்போரில் இவ்வாறு கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரித்தானிய அரசு 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது. சிறுவர் வார இதழொன்று இருபதாண்டுகளுக்கு மேல் முந்திக்கொண்டது. 1917 எத்தாப்ல் முகாமின் படைக்கலகமும் தொடரில் இடம்பெற்றது.

இத்தகைய எழுத்துக்கு நூல்களும் ஆவணங்களும் காலமும் தேவை. நிறுவனமோ பக்கத்துக்கு இவ்வளவு என்னும் கூலியை மட்டுமே அறிந்திருந்தது. ஆய்வுச் செலவுக்குப் பணம் மறுக்கப்பட்டதால் 1985 தொடக்கத்தில் மில்ஸ் விலகினார். அவருடைய கடைசிப் பகுதியில், 1933இல் வேலையின்றி உதவித்தொகையில் வாழும் சார்லியைக் காண்கிறோம். செருமனியில் இட்லர் அதிகாரத்துக்கு வந்த காலம் அது. பின்னர் வேறொருவர் எழுதிய இரண்டாம் உலகப்போர்ப் பகுதிகள் அந்த ஆழத்தை எட்டவில்லை.

பிற்காலப் பணி

பிற்காலத்தில் மில்ஸ் தம் பெயருடனேயே எழுதினார். ‘நெமிசிஸ் த வார்லாக்’, கெல்டியத் தொன்மங்களைத் தழுவிய ‘ஸ்லேன்’, மீமனித நாயகர்களை எள்ளும் ‘மார்ஷல் லா’ ஆகியவை குறிப்பிடத்தக்கன. 1988இல் ‘கிரைசிஸ்’ இதழில் வந்த ‘தேர்ட் வேர்ல்ட் வார்’ பன்னாட்டு உணவு நிறுவனங்களின் சுரண்டலைப் பேசியது. அதில் சில வேளை கதையை மீறிப் பரப்புரை ஒலிக்கிறது. படைப்பாளிகளே உரிமை பெறும் வகையில் 1991இல் தொடங்கிய ‘டாக்சிக்’ இதழ் ஓராண்டும் நிலைக்கவில்லை. பின்னர் அவர் பிரான்சு நோக்கித் திரும்பி, ஒலிவியே லெத்ருவாவுடன் ‘ரெக்வியம்’ தொடரைப் படைத்தார். தம் அனுபவங்களை 2017இல் நூலாக வெளியிட்டார்.

‘2000 ஏ.டி.’ இதழை 2000இல் வாங்கிய ரெபெலியன் நிறுவனம், ‘ஆக்‌ஷன்’, ‘பேட்டில்’, ‘மிஸ்டி’ ஆகியவற்றின் உரிமைகளை 2016இல் பெற்று அவற்றை மறுபதிப்புச் செய்துவருகிறது. ‘சார்லீஸ் வார்’ தொகுதிகளின் அட்டையில் மில்ஸ், கஹூன் ஆகிய இருவர் பெயரும் உள்ளன. 1987இல் மறைந்த கஹூன் அதனைக் காணவில்லை. ‘மிஸ்டி’யைப் பற்றி 2019இல் நூல் வெளியிட்ட ஜூலியா ரவுண்ட் போன்றோர், அவ்விதழின் கதைகளை எழுதியவர் யார், வரைந்தவர் யார் என ஒவ்வொரு பெயராகத் தேடித் தொகுக்க வேண்டியிருந்தது. அப்பணி இன்னும் முடியவில்லை.