அட்டவணையில் நம் பெயர்



இலக்கிய அரங்கின் நினைவுப் பேருரையில் நூலகத்தைப் பயன்படுத்துவது பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நம்மில் சிலர் கேட்டார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாகாது. இம்மாவட்டத்துச் சேரிகளின் நில உரிமை ஓர் அறிக்கையில் எழுதப்பட்டு, ஓர் அரசாணையில் ஏறி, பிறகு அலமாரிக்குள் போய் அடங்கியது. எடுத்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

1891இல் செங்கல்பட்டின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், இம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலமில்லாமல், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், பண்ணைக் கடனில் கட்டுண்டு கிடந்த மக்களைப் பற்றிய அறிக்கை அது. அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறை அரசாணைகள் 1010, 1010ஏ வெளிவந்தன. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வதன் வேர் அதுதான். முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. நூறு ஆண்டு கழித்து, மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

இன்று ஓர் இளைஞர் தன் ஊர் நிலத்தைப் பற்றி அறிய நூலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினியில் 'பஞ்சமி நிலம்' என்று தட்டுகிறார். அண்மையில் வந்த சில சிறு நூல்கள் கிடைக்கலாம், அல்லது ஒன்றுமே வராமல் போகலாம். 'இங்கே நம்மைப் பற்றி எதுவும் இல்லை' என்று திரும்பிவிடுகிறார். பொருள் இல்லாமல் இல்லை. வேறு பெயரில் இருக்கிறது.

நூலகத்தில் முதலில் கற்றுத்தர வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் கருத்து. நம்மை எந்தக் காலத்தில் யார் என்ன பெயரிட்டு எழுதினார்கள் என்று தெரியாமல் பழைய அட்டவணைக்குள் நுழைய முடியாது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஆவணங்களில் 'பரையா' என்றே தேட வேண்டும். அதை ஒட்டிய காலத்துக்குப் 'பஞ்சமா'. 1922இல் அரசு அதை மாற்றி 'ஆதிதிராவிடர்' என்றாக்கியது. நிலக் கோப்புகளில் 'டிப்ரஸ்ட் கிளாஸ்', சுருக்கமாக 'டி.சி. நிலம்'. 1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 'ஷெட்யூல்டு காஸ்ட்'. இவற்றில் சில சொற்களைத் தட்டும்போது நம் விரல் கூசும். கூசட்டும், தட்டித்தான் ஆக வேண்டும்.

ஊர்ப் பெயரும் அப்படியே. ஆங்கிலேயர் எழுதியது 'சிங்கில்புட்'. பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று ஒரு காலம். 1997 முதல் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமாகத் திரும்பியது. மாமல்லபுரம் 'மகாபலிபுரம்' என்றும், பழைய பயண நூல்களில் 'செவன் பகோடாஸ்' என்றும் இருக்கும். காரணை என்ற பெயரில் இப்பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. வட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடாவிட்டால் யாரோ ஒருவருடைய நிலத்தை நம்முடையதாக எண்ணிப் படித்துக்கொண்டிருப்போம்.

நம் முன்னோடிகளின் பெயர்களும் ஒரே எழுத்தில் நிற்பதில்லை. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்து, 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய தாத்தாவை இரட்டைமலை, ரெட்டைமலை, ரெட்டமலை என மூன்று விதமாகத் தேடிப் பார்க்க வேண்டும். பண்டிதர் அயோத்திதாசருக்கும் இதே கதி. அவருடைய 'தமிழன்' இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் காத்து வைத்திருந்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் பலருக்கு அவரை வாசிக்கக் கிடைத்தது.

அடுத்தது அடிக்குறிப்பு. நம்மில் பெரும்பாலோர் நூலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுவதே இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தைப் பற்றி யூஜின் இர்ஷிக் எழுதிய நூலும், ரூபா விஸ்வநாத்தின் 'தி பரையா ப்ராப்ளம்' நூலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. முழுக்கப் படிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. பின்பக்கக் குறிப்புகளில் துறையின் பெயர், அரசாணை எண், தேதி என்று வரிசையாக இருக்கும். அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். பழைய அரசாணைகளை அங்கே துறைவாரியாக, ஆண்டுவாரியாகத்தான் எடுப்பார்கள். எண்ணும் தேதியும் இல்லாமல் 'எங்க ஊர் நிலம் சம்பந்தமா ஏதாவது இருக்கா?' என்று கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய இயலாது. அங்கே ஆய்வுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

அலமாரி எண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியம் 894.811. சாதி பற்றிய ஆய்வு 305 வரிசையில். வரலாறு 954. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' இந்த மூன்றில் எந்த அலமாரியில் இருக்க வேண்டும்? வைப்பவரின் பார்வையைப் பொறுத்தது. ஆகவே ஓர் அலமாரியில் இல்லையென்றால் இன்னொன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. நம் ஆட்களுக்கு அது கூலிக் கணக்கு. செய்யூரிலிருந்து சென்னைக்கு ஒருமுறை வீணாகப் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. ஆனால் நூலக அறிமுகம் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது என்ன? பையை வெளியே வை, சத்தம் போடாதே, உறுப்பினர் கட்டணம் இவ்வளவு. அதட்டலைக் கேட்க நமக்கு நூலகம் வேறு தேவையா! ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து, அதற்கு விடை தேடும் வழியில் நூலகரும் உடன் வருவதே உண்மையான பயிற்சி. தயங்காமல் கேளுங்கள். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. சேரி வீட்டுக்கும் அதில் விலக்கு இல்லை.

எல்லாவற்றுக்கும் சென்னை போக வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் கைப்பேசியிலேயே படிக்கலாம். புதிய நூல் எங்கும் கிடைக்காவிட்டால் கன்னிமாராவில் கேட்கலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் ஒரு படி அனுப்ப வேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. நிலத்தைப் பொறுத்தவரை, கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைப் பார்க்கும்போது யு.டி.ஆர். காலத்துப் பதிவேட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முந்தைய பதிவேட்டையும் கேளுங்கள். 'டி.சி. நிபந்தனை' என்ற குறிப்பு பழையதில் இருந்து புதியதில் விடுபட்டிருந்தால், அந்த இரண்டு பக்கங்களின் சான்றிட்ட நகல்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு தாளில் தங்கள் ஊரின் இன்றைய பெயர், பெரியவர்கள் சொல்லும் பழைய பெயர், வட்டம், தெரிந்தால் நில அளவை எண் ஆகியவற்றை எழுதி எடுத்து வரவும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு, செங்கல்பட்டு நூலகத்தில் உட்கார்ந்து தேடத் தொடங்குவோம்.